மிச்சத் தட்டு

மாத்தளை நகரத்துக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி வேண்டும் என்று பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு வெளிநாடு மனமிரங்கி, கண்ணுக்குத் தெரியாததைப் பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டிகளை அனுப்பிவைத்தது. வந்ததைத் திருப்பி அனுப்புவது மரியாதை இல்லை என்பதால், அவற்றை வைப்பதற்கு ஒரு சபை தொடங்கப்பட்டது.

மத்திய மலைநாட்டு நுண்துணிக்கை அவதானிப்புச் சபை என்று அதற்குப் பெயர். இடம், பஸ் நிலையத்துக்குப் பின்னால் கைவிடப்பட்டுக் கிடந்த கொக்கோ ஸ்டோர். வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள், பத்தாம் வகுப்புவரை படித்த தோட்டத்துப் பெண்கள். இலங்கையும் இந்தியாவும் தம்மவர் என்று ஏற்காத அவர்களுக்கு எந்த நாடும் இல்லாததால் நிரந்தரமாக்க முடியாது. நாடு உள்ளவர்களோ அந்தச் சம்பளத்துக்கு வரவில்லை. ஆகவே எல்லாருக்கும் 'தற்காலிக அவதானிப்பாளர்' என்ற பதவி நிரந்தரமாக வழங்கப்பட்டது.

சபைக்கென்று சில ஒழுங்குகள் இருந்தன. காலையில் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். விளக்குப் புகை கண்ணாடிகளுக்கு ஆகாது என்பதால் அந்த நேரத்தில் நுணுக்குக்காட்டிகளைத் துவாயால் மூடிவைக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த கண்ணாடித் தகட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். தகடுகளை வெயிலோ மழையோ படாமல் கொண்டுபோக வேண்டும் என்று சுற்றறிக்கை சொன்னதால், பியோன் கூரைக்குக் கீழேயே குடை பிடித்துக்கொண்டு தகட்டை மேசைக்கு மேசை கொண்டுபோனார். அதைப் பார்த்து முதல் வாரம் சிரித்தவர்கள் இரண்டாம் வாரம் சிரிக்கவில்லை.

அந்தப் பெண்களில் ஒருத்தியான சவரியம்மா, பல்லேபொலப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவள். கணவன் வின்சன்ட் மிளகு ஸ்டோரில் மூட்டை சுமந்தான். ஆறு வயதில் ஒரு மகள், ஜெசிந்தா.

வேலை என்னவென்று அவளுக்கு மெல்லத்தான் பிடிபட்டது. எங்கோ வெளிநாட்டில், அணுவைவிடச் சிறிய துணிக்கைகள் பயங்கர வேகத்தில் மோதிக்கொள்ளும். மோதிய இடத்தில் குவார்க் என்று ஒன்று பிறக்கும். அதை யாரும் கண்டதில்லை, காணவும் முடியாது. வெளியே தலைகாட்டும் முன்பே அது துணிக்கைகளாகச் சிதறிப் பீய்ச்சி அடித்துவிடும், ரப்பர்க் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் விசிறிக்கொண்டு போவதுபோல. அதற்குத் தாரை என்று பெயர். தகட்டில் அந்தத் தாரை கறுப்புக் கோடுகளாகப் பதிந்திருக்கும். குவார்க் இலகுவானது என்றால் எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும். பாரமானது என்றால், அது ஒரு தலைமயிரின் பருமன்கூட இல்லாத தூரம் போய் அங்கே இன்னொரு முறை வெடிக்கும். அதனால் சில கோடுகள் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது புள்ளியிலிருந்து வரும். மொத்தக் கோடுகளும் கூடுதலாக இருக்கும். எவ்வளவு கூடுதல் என்பதுதான் வெளிநாட்டுப் பேராசிரியர்களின் கேள்வி.

சவரியம்மாவுக்கு அந்த இரண்டாவது புள்ளியைப் பிடித்துப்போனது. கண்ணை வைத்து, திருகைத் திருப்பி, மங்கல் விலகி அந்தப் புள்ளி எழுந்து வரும்போது அவளுக்குள் ஏதோ ஒன்று அசையும். முதல் புள்ளிக்கும் இரண்டாவதற்கும் நடுவில் அது முழுசாக இருந்த அந்தக் கொஞ்ச தூரத்தை அவள் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். துணிக்கைக்கு மனம் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அது முழுசாக இருந்தபோது தன்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கும் என்று யோசிப்பாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. வின்சன்ட்டிடம் ஒருமுறை சொல்லப் போனபோது அவன் நித்திரையாகிவிட்டான்.

எண்பத்தோராம் ஆண்டு, பழைய பணிப்பாளர் ஓய்வு பெற, புதியவர் இடமாற்றத்தில் வந்தார். பெயர் மாணிக்கவாசகம். அதுவரை கொழும்பில், தோட்டத்துச் சனங்களில் யார் இந்தியாவுக்கு, யார் இலங்கைக்கு என்று பிரிக்கும் கந்தோர் ஒன்றில் பெரிய அதிகாரி. துணிக்கை பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவரே முதல் நாள் விளக்கை ஏற்றிவிட்டு அதைச் சொன்னார்.

"நான் விஞ்ஞானம் படிக்கேல்லை. அதுதான் என்ர பலம். படிச்ச மனிசன் ஒவ்வொன்றாகப் பார்த்து ஏமாந்து போவான். நான் லட்சக்கணக்கான சனத்தின்ர மனுக் கோவைகளைப் பார்த்தவன். அதில் ஒரு முகமும் எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு முகத்தையாவது ஞாபகம் வைத்திருந்தால் பக்கச்சார்பு வந்திருக்கும். இனி இங்கேயும் அந்த நேர்மை இருக்கும்."

எல்லாரும் கைதட்டினார்கள். எழுதுவினைஞர் ஜைனுதீன் மட்டும் ஒரு தட்டுக் கூடுதலாகத் தட்டினார். அவருக்கு ஓய்வூதியம் நெருங்கிக்கொண்டிருந்தது.

பணிப்பாளர் முதலில் உட்கார்ந்தது சவரியம்மாவின் நுணுக்குக்காட்டியில். வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தக் கோடுகள் ஏன் முதல் புள்ளியிலிருந்து வரேல்லை?"

"அது பாரக் குவார்க்குங்க சேர். கொஞ்ச தூரம் போயி, அங்க வெடிச்சிருக்கு. அதனால ரெண்டாவது புள்ளியில இருந்து வருது."

"அப்ப இதுகள் வேற இடத்தால வந்ததுகள்."

"இல்லங்க சேர். எல்லாம் ஒண்ணுதான். மொதப் புள்ளியில இருந்து போனதுதான் அது."

"பிள்ளை, எல்லாரும் அப்படித்தான் சொல்லுவினம்." அவர் குரலில் கோபம் இல்லை, பழகிய அலுப்புத்தான் இருந்தது. "இங்கதான் பிறந்தம், இங்கதான் வளர்ந்தம் எண்டு. கடைசியா எங்கேயிருந்து வெளிக்கிட்டதோ, அதுதான் மூலம். இரண்டு மூலத்தையும் ஒன்றாய்ப் போட்டு எண்ணியிருக்கிறீர்கள். இது விஞ்ஞானம் இல்லை, நிர்வாகச் சீர்கேடு."

அவர் போனதும் ஜைனுதீன் குனிந்து சொன்னார்: "மகள், அந்த மனிசன்ட முன்னுக்கு ரெண்டாவது புள்ளிக்கு வக்காலத்து வாங்க வேணாம். ஒங்கட வேல அந்த இடத்துலேயே வெடிச்சிப் போகும்."

மறுவாரம் சுற்றறிக்கை வந்தது. தோட்டத்துச் சனங்கள் விடயத்தில் இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் ஒப்பந்தம் போட்டு ஏற்றுக்கொண்ட விகிதம் ஏழுக்கு நாலு. ஏழு பேர் அந்தப் பக்கம் இந்தியாவுக்கு, நாலு பேர் இந்தப் பக்கம் இலங்கைக்கு. சோதித்துப் பார்த்து நிலைநாட்டப்பட்ட விகிதம் ஒன்று கையில் இருக்கும்போது துணிக்கைகளுக்கு வேறு விகிதம் தேடுவது வீண்செலவு. ஆகவே இனி ஒவ்வொரு தாரையிலும் பதினொரு கோட்டுக்கு ஏழு இரண்டாவது புள்ளிக்கும், நாலு முதல் புள்ளிக்கும் பதியப்படும். பதினொன்றுக்குள் அடங்காமல் மிஞ்சுகிற கோடுகள் 'மிச்சம்' எனப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை எழுதி, மிச்சத் தட்டில் வைக்கப்படும். தட்டில் பதினொரு அட்டை சேர்ந்ததும் வந்த வரிசைப்படி முதல் ஏழு அந்தப் பக்கம், பின் நாலு இந்தப் பக்கம்.

"அப்புறம் எதுக்குக்கா நாம பாக்கணும்?" என்று கேட்டாள் பாப்பம்மா. அவள் அடுத்த மேசை. சவரியம்மாவைவிட இளையவள். எழுபத்தேழு கலவரத்தில் தோட்டத்து லய வீடுகளுக்குத் தீ வைத்தபோது புருஷனைப் பறிகொடுத்தவள். சுந்தரம்மா என்று ஏழு வயதில் ஒரு மகள் இருந்தாள்.

"பாக்காம எழுதுனா பொய்யாம்," என்றாள் சவரியம்மா. "பாத்துட்டு எழுதணுமாம்."

முதல் நாள் ஒரு தாரையில் இரண்டாவது புள்ளியே இல்லை. எல்லாக் கோடுகளும் ஒரே இடத்திலிருந்து பூப்போல விரிந்திருந்தன. சவரியம்மா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தில் ஒரு இடத்தை நினைத்துக்கொண்டு, அங்கிருந்து ஏழு கோடு கிளம்பியதாக எழுதினாள். எழுதியபோது காது சூடானது. இரண்டாவது தாரையில் அவ்வளவு சூடாகவில்லை. ஒரு மாதத்தில், கோட்டைப் பக்கத்துப் புள்ளிக்குத் தள்ளுவது அவள் நினைக்கும் முன்பே கை செய்துவிடுகிற காரியமாயிற்று. தள்ளும் தூரம் எவ்வளவு கொஞ்சம் என்பதே அதற்குச் சமாதானமாகவும் இருந்தது.

இப்படியாக மாத்தளையில் இலகுவான குவார்க் என்று ஒன்று இல்லாமல் போயிற்று.

வின்சன்ட்டுக்கு நாட்டை விட்டுப் போகச் சொல்லி உத்தரவு வந்தது அந்தக் காலத்தில்தான். அவன் சிறுவனாக இருந்தபோது அவன் அப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டு, மகன் பெயரையும் சேர்த்திருந்தார். சவரியம்மாவின் அப்பா இலங்கைக்குப் போட்டிருந்தார். கல்யாணம் பேசும்போது சாதி பார்த்தார்கள், சங்கிலி எத்தனை பவுன் என்று பார்த்தார்கள். யார் எந்த நாட்டு மனு என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மாதா கோவிலில் கல்யாணத்தை நடத்திவைத்த சாமியாரும் கேட்கவில்லை.

ஜெசிந்தா இரண்டு மனுவிலும் இல்லை. மனுக்களுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு ஒப்பந்தத்தில் 'இயற்கைப் பெருக்கம்' என்று பெயர். அவர்களையும் அதே விகிதத்தில் பிரிக்க வேண்டும். வின்சன்ட் அந்தச் சொல்லைக் கேட்ட நாளிலிருந்து மகளை அப்படித்தான் கூப்பிட்டான்.

"ஏய் இயற்கைப் பெருக்கம், சோறு தின்ன வா!"

பிள்ளை சிரித்துக்கொண்டு ஓடிவரும். சவரியம்மாவுக்குச் சிரிப்பு வராது.

"ஒங்க சேர் அந்தக் கந்தோர்ல இருந்தவருதானே," என்றான் வின்சன்ட் ஒருநாள், சோற்றைப் பிசைந்தபடி. "கேட்டுப் பாரு சவரி. பிச்சையா கேக்குறோம்? ஒரே பக்கமாப் போடுங்கன்னுதானே கேக்குறோம்."

அவள் கேட்டாள். பணிப்பாளரின் மேசைக்கு முன்னால், கூப்பிய கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் நின்றபடி கேட்டாள்.

"எந்தப் பக்கம்னாலும் சரிங்க சேர். அங்கன்னா மூணு பேரும் அங்க போறோம். இங்கன்னா மூணு பேரும் இங்க கெடக்குறோம். பிரிக்காம இருந்தாப் போதும்."

"எல்லாரும் இப்படிக் கேட்டால் ஒப்பந்தம் எதுக்கு?" என்றார் அவர், உண்மையாகவே விளங்காதவர்போல. "எனக்குத் தெரிஞ்சு ஒருத்தரும் விகிதத்தைப் பற்றிக் கவலைப்படுறேல்லை. எல்லாருக்கும் தங்கட குடும்பந்தான். சரி, வெளிநாட்டுப் பேராசிரியர் வாறார். சபைக்கு நல்ல பேர் கிடைச்சால் மாத்தளைச் சனத்தின்ர மனு விசாரணைகளை இங்கேயே நடத்தச் சொல்லிக் கேட்பன். என்ர ஆக்களை நான் கைவிடமாட்டன்."

அன்று பஸ்ஸில் வரும்போது சவரியம்மா அந்தக் கடைசி வசனத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் ஜன்னலால் விட்டுவிட்டாள்.

பேராசிரியர் ஒல்லியான, வெயிலில் சிவந்த மனிதர். அவர் வந்தபோது நாதஸ்வரம் வாசித்தார்கள், கண்டிய நடனம் ஆடினார்கள், மாலை போட்டார்கள். எல்லாம் முடிந்து அவர் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைக்கப் பின்னேரமாகிவிட்டது. அப்போதும் பியோன் அவர் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

பேராசிரியர் சொன்னதைப் பணிப்பாளர் மொழிபெயர்த்தார். எல்லா நாட்டிலும் இந்த எண்கள் கூடிக் குறைந்து வருகின்றன, மாத்தளையில் மட்டும் எப்போதும் ஒரே விகிதமாக வருகிறது, இயற்கை இவ்வளவு ஒழுங்காக நடந்து அவர் கண்டதில்லை என்றாராம்.

"இயற்கைக்கு நாங்கள் இடம் கொடுக்கிறேல்லை எண்டு சொன்னன்," என்றார் பணிப்பாளர் பெருமையாக.

பிறகு பேராசிரியர் ஒரு தகட்டைக் காட்டி, சவரியம்மாவை நேராகப் பார்த்து ஏதோ கேட்டார். "இதில் இரண்டாவது புள்ளியை நீர் உம்முடைய கண்ணால் கண்டீரோ எண்டு கேட்கிறார்," என்றார் பணிப்பாளர். அதோடு தன் பங்குக்கும் ஒன்று சேர்த்துக்கொண்டார்: "வடிவா யோசிச்சுச் சொல்லும், பிள்ளை. விசாரணைகள் அடுத்த மாதம்."

அந்தத் தாரை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எல்லாக் கோடும் ஒரே இடத்திலிருந்துதான் விரிந்திருந்தது.

"கண்டேங்க சேர்," என்றாள்.

பேராசிரியர் அவளைக் கொஞ்சநேரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ மெதுவாகத் தலையசைத்துவிட்டு, கடல் கடந்து வந்த களைப்போடு இளநீர் குடிக்கப் போனார். ஊர் போய்ச் சேர்ந்து எழுதினார்: மாத்தளை முடிவுகள் எங்களுக்கு மிகவும் பயன்படுகின்றன, எண்ணிக்கையில் எவ்வளவு தூரம் பிழை விடமுடியும் என்பதை அவற்றை வைத்தே மதிப்பிடுகிறோம். பணிப்பாளர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார். கொழும்பிலிருந்து பாராட்டு வந்தது. விசாரணைகளைச் சபையிலேயே நடத்த அனுமதியும் வந்தது.

நுணுக்குக்காட்டிகளை மூலைக்குத் தள்ளிவிட்டு உட்கார வாங்குகள் போட்டார்கள். மூலம் பார்க்கத் தெரிந்த அவதானிப்பாளர்கள் உதவிக்கு நிறுத்தப்பட்டார்கள். பாப்பம்மா வாசலில் நின்று குடும்பங்களை உள்ளே அனுப்பினாள். சவரியம்மாவுக்கு மிச்சத் தட்டு. கலேவெலப் பக்கமிருந்தும் தோட்டங்களிலிருந்தும் சனம் விடியவே வந்து முற்றத்தில் குந்தியிருந்தது. கோவைகள் உள்ளே வரும்போது குடை பிடிக்கப்பட்டது. வெளியே தூறிக்கொண்டிருந்தது. சனத்துக்குக் குடை பற்றிச் சுற்றறிக்கை இல்லை.

முறை மிகச் சுலபமாக இருந்தது. ஒவ்வொரு குடும்பத்திலும் ஏழுக்கு நாலாக முழுசாகப் பிரிக்க முடிந்தவர்களைப் பிரித்துவிட்டு, மிஞ்சுகிற பிள்ளைக்கு ஒரு அட்டை எழுதினார்கள். கிழவன் ஒருவன், "தொரை, எம் பொஞ்சாதிய மட்டும் அனுப்புறீங்களே, அவளுக்குக் கண்ணு தெரியாதுங்க," என்றான். "அங்கே பார்ப்பதற்கு அவவுக்குத் தெரிந்த ஆட்கள் இல்லைத்தானே," என்றார் பணிப்பாளர், அவனைத் தேற்றும் குரலில்.

வின்சன்ட் வேலைக்குப் போடும் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஜெசிந்தாவுக்குப் பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டை. சவரியம்மா தட்டைவிட்டு எழுந்து அவர்களோடு போய் நின்றாள்.

"மூன்று பேர்," என்றார் பணிப்பாளர். கணக்குப் போட்டார்: ஏழு பங்கு ஒன்றும் சொச்சமும், நாலு பங்கு ஒன்றும் சொச்சமும். கணக்கின் அழகு அவர் முகத்தில் தெரிந்தது. "முழுசாய் அங்கே ஒருவர். முழுசாய் இங்கே ஒருவர். மிச்சம் ஒன்று. பார்த்தீரோ, மனுக்களும் அப்படியே பொருந்துது. கணவர் அங்கே, நீர் இங்கே. பிள்ளை மிச்சம்."

"சேர், நீங்க சொன்னீங்களே..."

"கைவிடமாட்டன் எண்டு சொன்னன். கைவிட்டனோ? மற்றச் சனத்துக்குச் செய்ததையே உமக்கும் செய்தன். அதைவிடப் பெரிய மரியாதையை நான் ஒருத்தருக்கும் செய்ய ஏலாது."

வின்சன்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அடுத்த குடும்பம் உள்ளே வந்துவிட்டது. ஜைனுதீன் அவன் தோளைத் தொட்டு, "வாங்க தம்பி, வெளியில நிப்பம்," என்று கூட்டிக்கொண்டு போனார்.

சவரியம்மா திரும்பி வந்து தன் மகளின் அட்டையைத் தானே தட்டில் வைத்தாள். அது ஏழாவது, அந்தப் பக்கம் போகிறவற்றில் கடைசி.

அதற்குப் பிறகு பாப்பம்மாவின் முறை. அவளுக்கும் மூன்று பேர் கணக்கு. எரிந்து செத்த புருஷனின் பெயர் அவன் அப்பா போட்ட இந்திய மனுவில் இன்னும் இருந்தது. "முழுசாய் அங்கே ஒருவர்," என்று அவனைக் குறித்துக்கொண்டார்கள். பாப்பம்மா இங்கே. சுந்தரம்மாவின் அட்டை எட்டாவதாக வந்து விழுந்தது. ஒன்பது வந்தது. பத்து வந்தது. பதினோராவதற்கு முன் மத்தியான மணி அடித்தது.

மண்டபம் வெறுமையானபோது பாப்பம்மா சோற்றுப் பார்சலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எம்புள்ள அட்டை எத்தனாவதுக்கா?"

"இன்னும் பாக்கலடி."

"ஒம்புள்ளைக்காவது ரெண்டு பக்கமும் ஆளு இருக்கு. எங்க விழுந்தாலும் ஒரு மடி கெடைக்கும். எம்புள்ளைக்கு அந்தப் பக்கம் செத்துப்போனவருதான் இருக்காரு." பாப்பம்மா சோற்றை விரலால் கிளறினாள், சாப்பிடவில்லை. "மாரியாத்தாவுக்கு நேந்திருக்கேன். நீயும் ஒங்க மாதாகிட்டச் சொல்லுக்கா, எம்புள்ளைக்கும் சேத்து."

"சொல்றேன்," என்றாள் சவரியம்மா.

பாப்பம்மா கை கழுவப் போனாள்.

பிறகு சவரியம்மா எத்தனையோ தடவை அந்த நேரத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறாள். ஒன்பதாவதோடு மாற்றியிருக்கலாம், பத்தாவதோடு மாற்றியிருக்கலாம். அந்தப் பிள்ளைகளின் முகம்கூட அவளுக்குத் தெரியாது. ஆனால் அவ்வளவு தூரம் தள்ளுவது பெரிய பாவமாகத் தெரிந்தது. பக்கத்து இடத்துக்கு நகர்த்துவதுதான் கைக்குப் பழக்கம். மேலே இருந்த அட்டைகளை எடுத்தாள். ஏழாவதையும் எட்டாவதையும் இடம் மாற்றினாள். மற்றவற்றைத் திரும்ப வைத்தாள். எட்டாவது அட்டையில் இருந்த பெயரை அவள் வாசிக்கவில்லை. வாசிக்க வேண்டியும் இருக்கவில்லை.

காது சூடாகவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பின்னேரம் பதினோராவது அட்டை சேர்ந்ததும் பணிப்பாளர் எழுந்து நின்றார். எல்லாரும் எழுந்தார்கள். அவர் பெயர்களை வாசித்தார். ஏழாவதாகச் சுந்தரம்மாவை வாசித்தபோது வாசலில் நின்ற பாப்பம்மா முதலில் விளங்காததுபோல் சுற்றிப் பார்த்தாள். பிறகு சனத்தைத் தள்ளிக்கொண்டு மேசைக்கு ஓடிவந்தாள்.

"சேர்! அங்க எம்புள்ள யாருகூடங்க இருக்கும்?"

"தகப்பன் அந்தப் பக்கம்தானே."

"அவரு செத்துட்டாருங்க சேர்! எரிச்சிட்டாங்க! எல்லாருக்கும் தெரியுமே!"

"எங்கட கணக்கில் இருக்கிறார்," என்றார் பணிப்பாளர் பொறுமையாக. "இறந்தவர்களை எல்லாம் கழிக்க வெளிக்கிட்டால் இரண்டு அரசாங்கமும் ஒப்புக்கொண்ட தொகை குறைஞ்சு போகும். அழாதையும். பதினொன்று இவ்வளவு நேர்த்தியாய்ப் பிரிஞ்சதை நான் கொழும்பிலகூடக் கண்டதில்லை."

ஜெசிந்தா எட்டாவது. இந்தப் பக்கம்.

மறுநாளுக்கு மறுநாள் பாப்பம்மா மகளையும் கூட்டிக்கொண்டு சவரியம்மாவின் வீட்டுக்கு வந்தாள். அவள் முகம் வற்றிப் போயிருந்தது. கூடையில் கொஞ்சம் கருப்பட்டி கொண்டுவந்திருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணே, நீங்க எப்படியும் கப்பலேறுறீங்க," என்றாள் வின்சன்ட்டிடம். "இவளையும் ஒங்க கையோட கூட்டிப் போங்க. ஒங்க புள்ளைய இங்க வுட்டுட்டுப் போறீங்க, அந்த எடத்துல இவ இருக்கட்டும். கொஞ்சமாத்தான் திம்பா. ராத்திரியில மட்டும் பயப்படுவா."

வின்சன்ட் சரி என்றான். வேறென்ன சொல்ல முடியும்? பாப்பம்மா குனிந்து சவரியம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சவரியம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்துக்கொண்டால் தெரிந்துவிடும் என்று இருந்தது.

அவர்கள் போனபிறகு வின்சன்ட் கருப்பட்டியை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடையில் போட்டான்.

"அட்டைய அடுக்குனது யாரு?"

"நான்தான்."

அவன் கருப்பட்டிக் கூடையைத் தள்ளி வைத்தான். மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவளுடைய கால் நகங்களை ஒவ்வொன்றாக வெட்டிவிட்டான். இயற்கைப் பெருக்கம் என்று அவன் அன்று கூப்பிடவில்லை.

மாத்தளை ஸ்டேஷனில் சபை ஒரு பிரியாவிடை வைபவம் ஏற்பாடு செய்திருந்தது. அவதானிப்பாளர்கள் வெள்ளைச் சேலையில் வரிசையாக நிற்க வேண்டும் என்று உத்தரவு. பிளாட்பாரத்தில் குத்துவிளக்கு வைத்தார்கள். காற்றுக்கு அணைந்துகொண்டே இருந்தது. பியோன் அதற்கும் குடை பிடித்தார். ரயில் பெட்டிகளில் சனம் ஏறி, தகரப் பெட்டிகளும் பாய்ச் சுருள்களுமாக ஜன்னல்களில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. சிலர் ஒப்பாரி வைத்தார்கள். பணிப்பாளர் அவர்களுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"இன்று ஒரு கண்ணீர் நாள் என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பிரிவு என்பது இயற்கையின் விதி. நுணுக்குக்காட்டியில் நாங்கள் தினமும் காண்பது அதைத்தான். ஒரு துணிக்கையாவது அழுது நான் கண்டதில்லை..."

பாப்பம்மா வரிசையை விட்டு விலகி ஜன்னலடியில் நின்றாள். ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. வின்சன்ட் சுந்தரம்மாவை ஜன்னலோரமாக உட்கார்த்தியிருந்தான். சவரியம்மா வரிசையிலேயே நின்றாள். ஜெசிந்தா அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வின்சன்ட் சவரியம்மாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

என்ஜின் சத்தம் போட்டது.

"அம்மா," என்றாள் சுந்தரம்மா ஜன்னலிலிருந்து, "நான் இவர மாமான்னு கூப்புடவா?"

பாப்பம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு பெட்டியோடு நடக்கத் தொடங்கினாள்.

"அப்பான்னே கூப்புடு, கண்ணு. யாராச்சும் கேட்டா ஒங்கப்பான்னு சொல்லு. அப்பத்தான் ஒன்னைய வேற எங்கயும் கொண்டுபோக மாட்டாங்க. எங்க, ஒருதடவ கூப்புடு, அம்மா கேக்குறேன்."

பிள்ளை வின்சன்ட்டின் முகத்தைப் பார்த்து, வெட்கப்பட்டு, மெல்லிய குரலில், "அப்பா," என்றது.

"அது எங்க அப்பா!" என்று ஜெசிந்தா கத்தினாள்.

அது பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது. பாப்பம்மா திரும்பிப் பார்த்தாள். பேச்சை நிறுத்திவிட்டுப் பணிப்பாளரும் திரும்பினார்.

"என்ன சொல்லுது அந்தப் பிள்ளை?"

சவரியம்மா மகளின் வாயைக் கையால் பொத்தினாள்.

"ஒண்ணுமில்லங்க சேர்," என்றாள்.